இலாபம் பறிக்கப்பட்ட சாராயக்கடை

மதுவும் அரசும்: வரலாற்றுத் தொடர் – 11

1860களின் தொடக்கத்தில் சுவீடனின் கோதன்பர்க் நகரசபைக்குப் பெரும் கவலையாக இருந்தது ஏழை நிவாரணச் செலவு. நகரம் செழித்துக்கொண்டிருந்தது. மேற்குக் கரைத் துறைமுகத்திலிருந்து இரும்பும் மரமும் பிரிட்டனுக்குக் கப்பலேறின. நூற்பாலைகள், சர்க்கரை ஆலை, மதுவடிப்பாலை என்று வேலை பெருகியது. 1862இல் ஸ்டாக்ஹோமுக்கு இரயில் பாதை முடிந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் ஹாகா போன்ற தொழிலாளர் குடியிருப்புகளில் நகரத்தின் கையை எதிர்பார்த்து வாழும் குடும்பங்களும் பெருகின. 45,000 பேர் அளவே இருந்த நகரத்தில், வேலை இருந்தும் வறுமை ஏன் வளர்கிறது? இதை ஆராய நகரசபை ஒரு குழுவை அமைத்தது. அதில் முனைந்து நின்றவர்களில் ஒருவர் நகரத்தின் பெரிய நாளிதழை நடத்திய ஆசிரியர் எஸ். ஏ. ஹெட்லுண்ட்.

1865இல் குழு அறிக்கை தந்தது. வறுமைக்கு முதன்மைக் காரணம் ‘பிரென்வின்’ என்றது. தானியத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் காய்ச்சும் சுவீடன் நாட்டுச் சாராயம் அது. குடி வறுமைக்குக் காரணம் என்பதைச் சொல்ல ஒரு குழு தேவையில்லை. ஞாயிறுதோறும் பாதிரியார்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தக் குழு அங்கே நிற்கவில்லை. குடிப்பவனின் குணத்தை அலசுவதை விட்டுவிட்டு, கடை எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தது. அந்த மாற்றம்தான் இந்த அத்தியாயத்துக்கே அடிப்படை.

கடை பிழைத்த விதம் இது. வாரம் முழுவதும் கடனுக்கு ஊற்றினார்கள். சம்பள நாளில் கூலி வந்ததும் முதல் கணக்கு கடைக்காரனுடையது. மிச்சம் இருந்தால் அதுவும் அங்கேயே. மிச்சம் இல்லாதவன் அடகு வைத்தான். தேவாலயத்துக்கு உடுத்தும் நல்ல உடையும் வேலைக்கருவியும்கூடக் கடைக்கு அடகாகப் போயின. கருவி போனபின் திங்கட்கிழமை வேலை ஏது? கடைகள் இருட்டாகவும் நெரிசலாகவும் அழுக்காகவும் இருந்தன. சாப்பிட ஒன்றும் கிடைக்காது, கிடைத்தாலும் பெயருக்குத்தான். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வெளியே வந்தவனைத் தெருவில் காவலர் பிடித்தார்கள். அவன் மனைவி நிவாரண அலுவலகத்தின் வாசலில் நின்றாள். கடைக்காரனுக்கு வரவு, நகரத்துக்குச் செலவு.

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

சுவீடனில் சாராயம் காய்ச்சுவது நெடுங்காலம் வீட்டு உரிமை. 1775இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அதைப் பறித்து அரச வடிசாலைகளைத் தொடங்கினார். நோக்கம் கருவூலத்தை நிரப்புவது. குடியானவர்கள் கொதித்தார்கள், கள்ளச் சாராயம் பெருகியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மன்னர் பின்வாங்கினார். அதன்பின் தடை என்று எதுவும் இல்லை. 1829இல் நாட்டில் சாராயம் காய்ச்சும் வாலைகள் 1,70,000க்கும் மேல் எண்ணப்பட்டன. அப்போதைய மக்கள்தொகை 30 இலட்சத்தைத் தொடவில்லை. குழந்தைகளையும் சேர்த்தே ஏறக்குறைய 17 பேருக்கு ஒரு வாலை! பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியே சாராயமாக அளக்கப்பட்டது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று திருச்சபை. பீட்டர் வீசல்கிரேன் என்ற பாதிரியார் ஊர் ஊராக மது எதிர்ப்புச் சங்கங்களை வளர்த்தார். பின்னாளில் கோதன்பர்க்குக்கே தலைமைப் பாதிரியாராக வந்து சேர்ந்தார். இன்னொன்று மருத்துவமனை. ஸ்டாக்ஹோம் மருத்துவர் மாக்னுஸ் ஹுஸ் 1849இல் நீண்டகாலக் குடியின் விளைவுகளைத் தொகுத்து, அதை ஒரு நோயாக வகுத்து எழுதினார். இன்று உலகமே ‘ஆல்கஹாலிசம்’ என்று சொல்லும் பெயர் அவர் வைத்தது. பாவம் என்று மட்டும் பேசப்பட்டுவந்த ஒன்றை நோயாகவும் பார்க்கலாம் என்றான பிறகு, அரசு தலையிடுவதற்கு வழி பிறந்தது.

1855இல் சட்டம் வந்தது. வீட்டில் காய்ச்சுவது முடிவுக்கு வந்தது. வடிப்பு ஆலைகளின் கைக்குப் போனது, வரி உயர்ந்தது. விற்பனையை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களுக்குக் கிடைத்தது. கிராமங்கள் இதை உடனே கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பெரும்பாலான கிராம மன்றங்கள் கடையே வேண்டாம் என்றன. சுவீடனின் குடியைக் குறைத்ததில் பெரும் பங்கு இந்தச் சட்டத்துக்குத்தான் என்பது என் கருத்து. கோதன்பர்க்கின் புகழ் பின்னாளில் இதை மறைத்துவிட்டது.

நகரங்களில் கதை வேறு. அங்கே உரிமங்கள் ஏலத்துக்கு வந்தன. நம் ஊர்களில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலம் போன முறையை அறிந்தவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. சுவீடன் ஏலத்தில் ஒரு கூடுதல் கொடுமை இருந்தது: யார் அதிக அளவு சாராயத்துக்கு வரி கட்ட ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே உரிமம். அந்த அளவை விற்றுத் தீர்த்தால்தான் அவருக்குப் பணம் திரும்பும். குடியைக் குறைக்க வந்த சட்டமே, நகரத்தில் மிக அதிகம் விற்கக்கூடியவனைத் தேடிப்பிடித்து உரிமம் தந்தது. கடனும் அடகும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த வியாபார முறைகள். கடைக்காரன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஏலக் கணக்கே அவனை அங்கே தள்ளியது.

அதே சட்டத்தில் ஒரு சிறு கதவும் திறந்திருந்தது. நகரத்தின் எல்லா உரிமங்களையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். இந்த யோசனை சட்டத்துக்கு முன்பே பிறந்தது. பாலூன் என்ற செப்புச் சுரங்க நகரத்தில் 1850இலேயே சுரங்க உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்துச் சாராய விற்பனையைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து யோன்ஷோப்பிங் நகரம் அதே வழியில் போனது. ஆனால் உலகத்துக்குத் தெரிந்த பெயர் கோதன்பர்க். அங்கேதான் யோசனை ஒரு முழு விதித்தொகுப்பாக மாறியது.

1865 அக்டோபர் 1 அன்று கோதன்பர்க் நிறுவனம் கடைகளைத் திறந்தது. வணிகர்களும் தொழிலதிபர்களும் அதற்கு முதல் போட்டார்கள். ஆனால் போட்ட பணத்துக்குச் சாதாரண வட்டியான 6 சதவீதத்துக்கு மேல் ஒரு காசும் எடுக்கக்கூடாது. மிஞ்சும் இலாபம் முழுவதும் நகரக் கருவூலத்துக்கு. குழு வகுத்த அடிப்படை இதுதான்: சாராயம் விற்பதால் எந்தத் தனிமனிதனும் இலாபம் பெறக்கூடாது. கடனுக்கு விற்கக்கூடாது, அடகு வாங்கக்கூடாது. கடை வெளிச்சமாக, காற்றோட்டமாக, சுத்தமாக இருக்க வேண்டும். நியாயமான விலையில் சூடான சாப்பாடு எந்நேரமும் கிடைக்க வேண்டும்.

கடையை நடத்திய மேலாளரின் வருமானத்தை அமைத்த விதத்தில்தான் உண்மையான கூர்மை இருந்தது. சாராயத்தை அவர் நிறுவனத்திடமிருந்து வாங்கி அதே விலைக்கு விற்று, முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். ஒரு கோப்பை விற்றாலும் நூறு கோப்பை விற்றாலும் அதில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாடு, காப்பி, புகையிலை இவற்றில் வரும் இலாபம் அவருடையது. அதனால் வாடிக்கையாளரை மேசையில் உட்காரவைத்து உணவு பரிமாறுவதே அவருக்கு ஆதாயம் ஆயிற்று. போதையேறியவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்ற அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அறிவுரையால் சாதிக்க முடியாததைச் சம்பள முறையால் சாதிக்கலாம் என்று அந்தக் குழு கண்டது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஊற்றக்கூடாது என்றும், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் மாலையில் கடையைச் சீக்கிரம் மூட வேண்டும் என்றும் விதிகள் வளர்ந்தன. கிடைத்த உரிமங்களில் ஒரு பகுதியை நிறுவனம் திறக்காமலே வைத்திருந்தது. பழைய ஆயுட்கால உரிமம் வைத்திருந்த சிலர் மட்டும் தனியே விற்றுவந்தார்கள். ஒரு சில ஆண்டுகளில் அருந்தகங்கள் முழுவதும், 1870களின் நடுவில் சில்லறை விற்பனையும் நிறுவனத்தின் கைக்கு வந்தன.

பலன் இருந்ததா? முதல் ஆண்டுகளில் இருந்தது. 1865இல் குடிபோதைக்காகக் கைதானவர்கள் 2,000க்குச் சற்று மேல். அடுத்த ஆண்டே அது 1,400 அளவுக்கு இறங்கியது. நிறுவனத்தின் ஆதரவாளர்கள் இந்த எண்ணை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். ஆனால் அடுத்து வந்த 1867, 1868 ஆண்டுகள் சுவீடனில் பஞ்ச ஆண்டுகள். விளைச்சல் பொய்த்து, மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கப்பலேறிய துறைமுகமும் இதே கோதன்பர்க்தான். கையில் காசில்லாதவன் குறைவாகக் குடிப்பான். 1870களின் தொடக்கத்தில் தொழில் செழித்துக் கூலி உயர்ந்ததும் கைதுகளும் ஏறின. அதைக் காட்டி எதிரிகள் முறையே பொய் என்றார்கள். இரண்டு தரப்பும் கூலியின் ஏற்ற இறக்கத்தை மறந்துவிட்டே சண்டையிட்டன. குடியின் அளவை ஒரு நிறுவனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆனால் கடன் புத்தகமும் அடகுப் பெட்டியும் சாராயக்கடையிலிருந்து போனது, நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் நின்ற ஆதாயம். எந்தக் கைதுப் பட்டியலையும்விட அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கணவன் குடித்தாலும் அவன் கோட்டும் கருவியும் வீட்டிலேயே இருந்தன என்றால், ஒரு குடும்பத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

ஓர் ஓட்டை தொடக்கத்திலிருந்தே இருந்தது. சட்டம் சாராயத்தை மட்டுமே கட்டியது. பீர் வெளியே நின்றது. சாராயக்கடைகள் ஒடுங்க, தனியார் பீர்க்கடைகள் முளைத்தன. நிறுவனக் கடையில் இரண்டாவது கோப்பைக்கு மறுக்கப்பட்டவன் அடுத்த தெருவுக்கு நடந்தான்.

இதைவிட ஆழமான கோளாறு இலாபத்தின் பயணத்தில் இருந்தது. தனிமனிதனிடமிருந்து பறித்த இலாபம் காற்றில் கரைந்துவிடவில்லையே. அது நகரத்துக்குப் போனது. 1870களில் வந்த பங்கீட்டின்படி பத்தில் ஏழு பங்கு நகரத்துக்கு, இரண்டு அரசுக்கு, ஒன்று மாவட்ட வேளாண்மைச் சங்கத்துக்கு. நகரத்தில் வந்து குடிப்பவர்களில் கடை மூடிய கிராமங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு என்பதால்தான் அந்தக் கடைசிப் பங்கு. நகரத்துக்கு வந்த பணம் பொதுச் செலவில் கலந்தது. தெரு, கட்டடம், பள்ளி என்று எதற்கு வேண்டுமானாலும் போகலாம். அந்த அளவுக்கு உள்ளூர் வரி உயராமல் இருக்கும்.

உள்ளூர் வரி கட்டியது யார்? சொத்தும் வருமானமும் உள்ளவர்கள். நகரசபையைத் தேர்ந்தெடுத்தது யார்? அவர்களே. 1862இன் உள்ளாட்சிச் சட்டப்படி ஓட்டு தலைக்கு ஒன்று அல்ல. கட்டும் வரிக்கு ஏற்ப ஓட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஒரு பணக்கார வணிகருக்குப் பல ஓட்டு, ஹாகாவின் கூலித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆக, ஓட்டில்லாதவன் குடித்த பணம் ஓட்டுள்ளவனின் வரிச்சுமையைக் குறைத்தது. 1865 குழுவில் இருந்தவர்கள் இந்தத் தீய எண்ணத்தோடு தொடங்கவில்லை என்றே நம்புகிறேன். ஏழைகளின் நலனுக்கே பணம் போக வேண்டும் என்ற பேச்சு அன்று இருந்தது. ஆனால் ஆண்டுக்காண்டு வரும் வரவுக்கு ஒரு நகரசபை பழகிவிட்டால், அந்த வரவு குறைவதை அது எளிதில் விரும்பாது. மற்ற நகரங்களும் வரிசையாக நிறுவனங்களை அமைத்தன. 1877இல் ஸ்டாக்ஹோம் சேர்ந்தது. அவற்றில் எத்தனை வறுமையை நினைத்துத் தொடங்கின, எத்தனை வரவை நினைத்துத் தொடங்கின என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். சாராய விற்பனையில் பழைய கடைக்காரன் இருந்த இடத்தில் இப்போது நகரமே இருந்தது.

இந்த உள் முரண்பாடு வெளிநாட்டவர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அவர்கள் கண்டது வெளிச்சமான கடையையும் சூடான சாப்பாட்டையும்தான். 1876இல் ஜோசப் சேம்பர்லின் சுவீடனுக்குப் போய் நேரில் பார்த்தார். பர்மிங்காம் மேயராக எரிவாயு விநியோகத்தையும் குடிநீரையும் நகரசபையின் கைக்குக் கொண்டுவந்தவர் அவர். மதுவையும் அப்படியே கொண்டுவரலாம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1877இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. மதுக்கடை முதலாளிகள் எதிர்த்தது எதிர்பார்த்ததே. முழு மதுவிலக்குக் கேட்டவர்களும் கூடவே நிற்கத் தயங்கினார்கள். நகரமே சாராயம் விற்பதை அவர்கள் மனம் ஏற்கவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆணையர் அலுவலகம் 1893இல் இந்த முறையைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 1899இல் யார்க் நகரச் சாக்லேட் உற்பத்தியாளர் ஜோசப் ரவுண்ட்ரீயும் ஆர்தர் ஷெர்வெல்லும் எழுதிய புத்தகம் பிரிட்டனில் மீண்டும் இந்தப் பேச்சை எழுப்பியது.

சட்டம் கிடைக்காத பிரிட்டனில், சட்டம் இல்லாமலே ஒரு கிளை வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கக் கிராமங்களில் ‘கோதன்பர்க்’ என்ற பெயரிலேயே அருந்தகங்கள் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘கோத்’ என்றார்கள். 1896இல் ஃபைஃப் பகுதியின் ஹில் ஆஃப் பீத் கிராமத்தில் ஒன்று, 1899இல் எடின்பரோவுக்குத் தெற்கே நியூட்டன்கிரேஞ்சில் இன்னொன்று, இப்படிப் பல. முதலீட்டுக்கு 5 சதவீதம் மட்டும், மிச்சம் கிராமத்துக்கு. அந்தப் பணத்தில் வாசகசாலை, பூங்கா, விளையாட்டு மைதானம் வந்தன. இங்கே குடித்தவனின் காசு அவன் தெருவுக்கே திரும்பியது. கோதன்பர்க்கில் கோதன்பர்க்காரர்கள் செய்யாததை இந்தச் சுரங்கக் கிராமங்கள் செய்தன.

இதைச் சட்டமாகவே செய்தது நார்வே. அண்டை நாட்டின் அனுபவத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு 1871இல் அது தனிச் சட்டம் இயற்றியது. அங்கே இந்த நிறுவனத்துக்குச் ‘சாம்லாக்’ என்று பெயர். மிஞ்சும் இலாபம் நகர வரியைக் குறைக்கப் போகக்கூடாது, பொதுநல நோக்கங்களுக்கே போக வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். பெர்கன் நகரத்தில் மரம் நடும் சங்கத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அந்தப் பணம் போனது. வேலைக்காகக் காத்திருக்கும் கூலியாட்கள் குளிருக்கு ஒதுங்கச் சூடேற்றிய கூடங்களும் திறந்தார்கள், அருந்தகத்தைத் தேடிப் போக அவர்களுக்குத் தேவையே இருக்கக்கூடாது என்று. கடைகளின் தோற்றத்திலும் நார்வே மாறுபட்டது. உட்கார நாற்காலி கிடையாது. நின்றபடி குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். சுவீடன் கடையைச் சாப்பாட்டுக்கூடமாக்கப் பார்த்தது. நார்வே அங்கே யாரும் தங்கவே கூடாது என்று நினைத்தது. குழந்தைகளோடு வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் நார்வேயின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தப் பெண்ணைச் சட்டம் ஒருவழியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது 1894இல். உங்கள் நகரத்தில் சாம்லாக் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தலாம் என்றது புதிய சட்டம். 25 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் அதில் ஓட்டு. நாடாளுமன்றத் தேர்தலில் நார்வேப் பெண்கள் முதன்முதலாக வாக்குரிமை பெற்றது 1907இல், அதுவும் வருமான வரம்போடு. எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது 1913இல். அதற்கெல்லாம் முன்பே, மீனவர் வீட்டுப் பெண்களும் வேலைக்காரப் பெண்களும் சாராயக்கடைக்கு எதிராகவோ ஆதரவாகவோ ஓட்டுப்போட வரிசையில் நின்றார்கள். குடியின் செலவை உண்மையில் சுமந்தவர்களிடம், சுமப்பீர்களா என்று ஓர் அரசு நேரடியாகக் கேட்டதற்கு இதைவிட முந்திய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1895இலிருந்து நகரம் நகரமாக வாக்கெடுப்பு நடந்தது. பல நகரங்கள் தங்கள் சாம்லாக்கை மூடிவிட்டன. மூடிய இடங்களில் சிக்கல்களும் வந்தன. சாராயம் போன இடத்தில், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வராத மலிவான, கலப்படமான ஒயின் தனியார் வணிகர்களிடமிருந்து கிடைத்தது. அதற்காக அந்தப் பெண்களின் தீர்ப்பைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒயினுக்கும் சேர்த்து முன்பே சட்டம் போட்டிருக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் பொறுப்பு.

சுவீடன் வேறு திசையில் போனது. நகரங்களின் இலாப ஆசையே முறையைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 1910களில் அந்த வரவு அவற்றின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் இவான் பிராட் என்ற மருத்துவர், கடையைக் கட்டுப்படுத்தினால் போதாது, வாங்குபவனையே பெயர் பெயராகப் பதிய வேண்டும் என்றார். 1914இல் அவர் கொண்டுவந்த பங்கீட்டுப் புத்தகம் பின்னர் நாடெங்கும் பரவி 1955 வரை நீடித்தது. யாருக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது, நிவாரணம் வாங்கியவர்களுக்கும் மணமான பெண்களுக்கும் அது ஏன் மறுக்கப்பட்டது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

(தொடரும்)